தீர்மானப் புத்தகம் தேடி ஐந்து நாள்

முதல் நாள்: அரிட்டாபட்டி

காலை ஆறரைக்கு மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் ஏறினேன். தோளில் ஒரு பை, கையில் ஒரு எவர்சில்வர் பாட்டில், அக்கா கட்டிக்கொடுத்த புளிச்சோறு. ஐந்து நாள் விடுப்பு. எதற்காகக் கிளம்பினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அருப்புக்கோட்டை பக்கம் எங்கள் ஊர். ஊர்க் கண்மாய்க்கு வருகிற வரத்துக்கால்வாயில் இரண்டு வருடமாக யாரோ ராத்திரியில் கோழிக்கழிவை மூட்டை மூட்டையாகக் கொட்டிவிட்டுப் போகிறார்கள். மழை பெய்தால் அத்தனையும் கண்மாய்க்குள் இறங்குகிறது. ஆடு மாடு எல்லாம் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கின்றன. போன தடவை ஊருக்குப் போயிருந்தபோது, "கிராம சபையில் சொல்லலாமே அம்மா" என்றேன். "அங்க யாருப்பா பேசுறா? நூறு நாள் வேலை பாக்குற இடத்துக்கே நோட்டைக் கொண்டாந்து கையெழுத்து வாங்கிட்டுப் போயிடுறாங்க" என்றார் அம்மா. அந்தப் பதில் என்னை விடவில்லை. ஊர் கூடி எழுதுகிற தீர்மானம் ஒரு மலையையோ கிணற்றையோ காப்பாற்றியிருக்கிறதா? காப்பாற்றியதாகச் சொல்லப்படும் ஊர்களுக்கு ஒரு நடை போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். அன்றன்று பார்த்ததை அன்றன்றே எழுதி விடுகிறேன்.

நான்கு வழிச்சாலையை விட்டு அரிட்டாபட்டிக்குத் திரும்பியதும் கண்ணுக்கு முன்னால் பாறைதான். பாறைக்கு அடியில் கண்மாய், கண்மாய்க்குக் கீழே வயல், வயலைத் தாண்டினால் மறுபடி பாறை. ஊரைச் சுற்றி ஏழு குன்றுகள். குன்றில் விழுகிற மழை வீணாகாமல் சுனையிலும் கண்மாயிலும் வந்து தங்கும்படி யாரோ எப்போதோ யோசித்து அமைத்திருக்கிறார்கள். அரசுக் கணக்கில் 72 ஏரிகள், 200 சுனைகள், 3 தடுப்பணைகள். ஆனைகொண்டான் ஏரி 16-ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் கட்டியது. கழிஞ்சமலைக் குகைத்தளத்தில் 2,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட தமிழ் பிராமி எழுத்து இருக்கிறது. கொஞ்சம் தள்ளிப் பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோயில்.

குடைவரைக்குப் போகிற வழியில் பறவை பார்க்க வந்திருந்த ஒரு தம்பி தன் பைனாகுலரைக் கொடுத்தார். பாறை விளிம்பில் ஒரு வல்லூறு. காற்றுக்கு இறகு சிலிர்த்துக்கொண்டிருந்தது. தலையை மட்டும் இப்படியும் அப்படியும் திருப்பியது. கீழே ஆடு மேய்க்கிறவர் குரல் கொடுத்தும் அசையவில்லை. லகுடு, ஷாஹீன் வல்லூறு, ராசாளிக் கழுகு மூன்றும் இங்கே இருக்கின்றனவாம். பறவை மட்டும் 250 வகை. அப்புறம் அழுங்கு, தேவாங்கு, மலைப்பாம்பு. 2022 நவம்பரில் அரிட்டாபட்டியையும் பக்கத்து மீனாட்சிபுரத்தையும் சேர்த்துச் சுமார் 193 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி உள்ளாட்சி அமைப்பைக் கலந்துதான் இப்படி ஓர் இடத்தை அறிவிக்க முடியும்.

இரண்டே வருடம். 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்று 2,015 ஹெக்டேரை மத்திய அரசு ஏலத்தில் விட்டு, இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் எடுத்தது என்று செய்தி வந்தது. அந்த 2,015-க்குள் இந்தப் பல்லுயிர்த் தலமும் அடக்கம். டங்ஸ்டன் மாதிரியான முக்கியக் கனிமங்களை மத்திய அரசே ஏலம் விடலாம் என்று 2023-இல் சட்டத்தைத் திருத்தியிருந்தார்கள். அந்த வரைபடத்தைப் போட்டவர்கள் யாரும் பஞ்சாயத்தைக் கேட்கவில்லை.

டீக்கடைப் பெஞ்சில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஒரு அப்பத்தாவிடம், "தீர்மானம் போட்ட அன்னைக்கு நீங்க போனீங்களா?" என்று கேட்டேன். "போகாம? வீட்டைப் பூட்டிட்டுப் போனோம்ப்பா. மைக்கைப் பிடிச்சு என்ன பேசுறதுன்னு தெரியல. மாடு எங்க மேயும், அதை மட்டும் சொல்லுங்கன்னு கேட்டேன்" என்றார். உரலில் மறுபடி இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "யாரும் பதில் சொல்லல" என்றார்.

2024 நவம்பர் 23 கிராம சபையில் இந்தச் சுற்றுவட்டாரப் பஞ்சாயத்துகள் வரிசையாக எதிர்ப்புத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-இல் சட்டசபையிலும் தீர்மானம் வந்தது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை ஆயிரக்கணக்கான பேர் பேரணியாகப் போனார்கள். ஜனவரி 23-இல் ஏலத்தை ரத்து செய்வதாக மத்திய அரசு அறிவித்தது. சட்டம் தெரிந்தவர்கள் கிராம சபைத் தீர்மானத்துக்கு ஒரு சுரங்க ஏலத்தை நிறுத்துகிற அதிகாரம் கிடையாது என்பார்கள். சரிதான். ஆனால் சட்டசபைத் தீர்மானத்துக்கும் பேரணிக்கும் முன்னால் இந்த ஊர்களின் நோட்டுதான் பேசியது. மற்றவர்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தார்கள்.

ஒன்று மட்டும் மனதை அழுத்துகிறது. தமிழ்நாட்டில் 28 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. மதுரையும் அதில் ஒன்று. தேர்தல் நடக்கவில்லை. 2025 ஜூலையில் நான் போய் நின்றபோது இந்த ஊருக்கும், எங்கள் ஊருக்கும், தேர்ந்தெடுத்த தலைவர் இல்லை. அரசு நியமித்த தனி அலுவலர்தான். பேரணி போன நாளில்கூட இவர்களுக்குத் தலைவர் கிடையாது. இரண்டு நாள் முன்பு பதவிக்காலம் முடிந்திருந்தது.

இரண்டாம் நாள்: பிளாச்சிமடை

அதிகாலையில் ஆரப்பாளையத்தில் பொள்ளாச்சி பஸ். ஒட்டன்சத்திரம், பழனி, மடத்துக்குளம். ஆடிக்காற்று ஆரம்பித்துவிட்டது. உடுமலை நெருங்க நெருங்க இரண்டு பக்கமும் காற்றாலைகள் கிறுகிறுவென்று சுற்றுகின்றன. மைவாடி தாண்டும்போது ஜன்னலில் தலையை ஒட்டிவைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். இந்தக் கூட்டத்தில் ஒன்று தனியார் கம்பெனியுடையது இல்லை, பவானி ஆற்றங்கரையில் இருக்கிற ஒரு கிராமப் பஞ்சாயத்துக்குச் சொந்தமானது. எது என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. நாளைக்கு அந்த ஊருக்குத்தான் போகிறேன்.

பொள்ளாச்சியிலிருந்து மீனாட்சிபுரம். நேற்றும் ஒரு மீனாட்சிபுரம், இன்றும் ஒன்று. இது கேரள எல்லை, பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா, பெருமாட்டி பஞ்சாயத்து. கேரளா என்றதும் நமக்கு மழைதான் ஞாபகம் வரும். இங்கே அப்படி இல்லை. மலையின் மழை மறைவில் கிடக்கிற காய்ந்த நிலம். ஆழியாற்றுத் தண்ணீருக்காகத் தமிழ்நாட்டோடு மல்லுக்கட்டுகிற தாலுகா. கடையில் தமிழ், பஸ்ஸில் தமிழ், போர்டில் மட்டும் மலையாளம்.

இப்படிப்பட்ட பூமியில்தான் 2000-ஆம் ஆண்டு கோகோ கோலாவின் ஆலை வந்தது. 34 ஏக்கர். நிலத்தடி நீரை உறிஞ்சி நடக்கிற ஆலைக்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது மழை குறைந்த தாலுகாவை. சாலையோரம் பூட்டிய கேட், அதற்குப் பின்னால் புதர் மண்டிய கட்டடங்கள். எதிரே ஆதிவாசிக் குடியிருப்பு. இரவாளரும் மலசரும்தான் பெரும்பாலும்.

குடியிருப்பில் ஒரு அக்கா தன் வீட்டுக் கிணற்றைக் காட்டினார். கயிறு புதுசு, ராட்டினம் பழசு. வாளி இறக்கி ஒரு முகவை தண்ணீர் எடுத்து என் கையில் ஊற்றினார். பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. "அப்பவும் இப்படித்தான் தெளிவா இருந்துச்சு. சோறு வடிச்சாத்தான் தெரியும். சாயந்திரத்துக்குள்ள கெட்டுப்போயிடும். குளிச்சா உடம்பெல்லாம் அரிப்பு. பருப்பு வேகவே வேகாது" என்றார். ஆலை வந்து ஆறே மாதத்தில் இந்தத் தொல்லை ஆரம்பித்தது என்பது இவர்கள் எல்லோரும் சொல்வது. குடிதண்ணீருக்குப் பெண்கள் குடத்தோடு மைல் கணக்கில் நடந்தார்கள். ஆலையின் கசடை உரம் என்று விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். 2003-இல் பிபிசி வானொலி அந்தக் கசடைச் சோதிக்கக் கொடுத்தபோது காரீயமும் காட்மியமும் இருப்பது தெரிந்தது.

2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். முன்னால் நின்றவர் மயிலம்மா, இரவாளர் பெண். பள்ளிக்கூடம் போனவர் இல்லை. எந்தக் கட்சியும் முதலில் பக்கத்தில் வரவில்லை. 2007 ஜனவரியில் அவர் காலமாகும்வரை அந்தப் பந்தலை விடவில்லை.

பெருமாட்டி பஞ்சாயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தப் பயணத்தில் நான் அதிகம் யோசித்தது இதைத்தான். ஆலைக்கு 2000-இல் உரிமம் கொடுத்தது இதே பஞ்சாயத்து. வேலை கிடைக்கும், வரி வரும் என்று நம்பிக் கொடுத்தார்கள். 2003 ஏப்ரலில் அந்த உரிமத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று தீர்மானம் போட்டதும் இதே பஞ்சாயத்து. அதே அலுவலகம், அதே தீர்மானப் புத்தகம். இரண்டு பக்கத்துக்கும் இடையில் மூன்று வருடம், அதில் கடைசி ஒரு வருடம் வாசலில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தன் கையெழுத்து தவறு என்று தெரிந்ததும் அதைத் திருத்திக்கொள்ளத் துணிந்த உள்ளாட்சி இது. வருமானம் போகும், கம்பெனி வழக்குப் போடும் என்று தெரிந்துதான் போட்டார்கள். இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

வழக்கும் வந்தது. 2003 டிசம்பர் 16-இல் கேரள உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கே. பாலகிருஷ்ணன் நாயர், நிலத்தடி நீர் மக்கள் எல்லோருக்கும் பொதுவான சொத்து, அரசு அதற்குக் காவலாளி மட்டுமே, அதை ஒருவர் வரம்பில்லாமல் உறிஞ்ச விட முடியாது என்று தீர்ப்பு எழுதினார். 2005 ஏப்ரலில் இரு நீதிபதி அமர்வு அதை மாற்றி, நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் வரை எடுக்கலாம் என்றது. ஆனால் 2004 மார்ச்சில் மூடிய ஆலை அப்புறம் திறக்கவே இல்லை. 2017-இல் உச்ச நீதிமன்றத்தில் கம்பெனியே மறுபடி நடத்தும் எண்ணமில்லை என்று சொல்லிவிட்டது.

இதோடு முடிந்தது என்று நினைத்துத்தான் வந்தேன். முடியவில்லை. அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010-இல் நஷ்டம் 216.26 கோடி ரூபாய் என்று கணக்குக் கொடுத்தது. 2011-இல் கேரள சட்டசபை இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அமைக்க மசோதா நிறைவேற்றியது. அது குடியரசுத் தலைவர் ஒப்புதலுக்காக டெல்லி போனது, ஒப்புதல் கிடைக்கவில்லை. "கம்பெனி போச்சு. காசு வரல" என்றார் அந்த அக்கா. வாளியில் மிச்சமிருந்த தண்ணீரை முருங்கைக்கு ஊற்றிவிட்டு, குழாயடியில் வரிசையில் வைத்திருந்த தன் குடத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

மூன்றாம் நாள்: ஓடந்துறை

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம், அங்கிருந்து ஊட்டி சாலையில் ஓடந்துறை. நேற்றைய வெயிலுக்கு இந்தப் பாக்கு மர நிழல் அமிர்தம். பவானி பக்கத்திலேயே ஓடுகிறது.

ஆர். சண்முகம் என்பவர் 1996 முதல் 2006 வரை இங்கே தலைவராக இருந்தார். ஆற்றுத் தண்ணீரை அப்படியே குடித்துக்கொண்டிருந்த ஊருக்குச் சுத்திகரித்த தண்ணீர் கொண்டுவந்தார். தண்ணீர் வந்தது, கூடவே மோட்டார் ஓட்டுகிற கரண்ட் பில்லும் வந்தது, வருடா வருடம் ஏறியது. எல்லாப் பஞ்சாயத்துக்கும் இருக்கிற தலைவலிதான் இது. பில் கட்ட முடியாமல் தெருவிளக்கை அணைக்கிற ஊர்கள் எத்தனையோ உண்டு. இங்கே முதலில் மரத்துண்டை எரித்து வாயு எடுக்கிற 9 கிலோவாட் கருவி ஒன்றை வைத்துத் தண்ணீர் இறைத்தார்கள். பிறகு 2006-இல் 350 கிலோவாட் காற்றாலை. விலை 1.55 கோடி. பஞ்சாயத்துச் சேமிப்பு 40 லட்சம், மீதி 1.15 கோடி வங்கிக் கடன். இங்கே காற்று போதாது என்பதால் உடுமலை பக்கம் மைவாடியில் நிறுத்தினார்கள். அங்கே உற்பத்தியாகிற மின்சாரத்தில் ஊர்த் தேவை போக மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்று, அந்த வருமானத்திலேயே கடனையும் கட்டினார்கள்.

ஒரு டீக்கடையில், "உங்க ஊர் காத்தாடியை நேத்து பஸ்ஸில இருந்து தேடினேன், கிடைக்கல" என்றேன். கடைக்கார அண்ணன் சிரித்துக்கொண்டே, "நாங்களே நிறையப் பேர் நேர்ல பாத்ததில்லைங்க. ஆனா நம்முளுதுன்னு தெரியும்ங்க" என்றார். "நம்முளுது" என்று அவர் சொன்னவிதம் எனக்குப் பிடித்திருந்தது. அரசுத் திட்டத்தை யாரும் அப்படிச் சொல்வதில்லை. பசுமைத் திட்டம் என்று போர்டு வைத்து இரண்டே வருடத்தில் பாட்டரி காணாமல் போன சோலார் விளக்குகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இங்கே கடன் பஞ்சாயத்தின் பெயரில் இருந்தது. கடன் வாங்கினவனுக்குத்தான் தன் பொருள் மேல் கண் இருக்கும்.

அலுவலகத்தில் நோட்டைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். தனி அலுவலர் வேறு ஊருக்குப் போயிருந்தார். ஒருவருக்கு எத்தனை ஊர்!

நான்காம் நாள்: மலை ஏறி இறங்கி

இன்று முழுக்கப் பஸ்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி, கூடலூர், தேவர்சோலை, பாட்டவயல், சுல்தான் பத்தேரி.

நீலகிரி எல்லைச் சோதனைச்சாவடியில் கார்களை நிறுத்தி இ-பாஸ் பார்க்கிறார்கள். நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-இலிருந்து இந்த முறை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலையும் தேடி எடுக்கிறார்கள். எங்கள் பஸ்ஸிலும் ஒருவர் ஏறிப் பார்த்தார். முன் சீட்டில் ஒரு குடும்பம், பாட்டிலைக் கொடுக்க மனமில்லாமல் குழந்தைக்கு என்று கெஞ்சியது. நான் என் எவர்சில்வர் பாட்டிலில் அதை ஊற்றிக்கொள்ளச் சொன்னேன். ஊட்டி வரை அந்தக் குழந்தை அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டே வந்தது.

தமிழ்நாடு முழுக்க ஒருமுறைப் பிளாஸ்டிக் தடை 2019 ஜனவரி 1-இல்தான் வந்தது. நீலகிரி அதற்கு ஏறத்தாழ இருபது வருடம் முன்பே ஆரம்பித்துவிட்டது. அப்போது ஆட்சியராக இருந்தவர் சுப்ரியா சாஹு. டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிற முறையும் 2022 மே மாதம் இந்த மாவட்டத்தில்தான் தொடங்கியது. யானையின் காலில் குத்திய கண்ணாடியைப் பற்றி எத்தனை கட்டுரை எழுதினாலும் நடக்காதது பத்து ரூபாயில் நடந்திருக்கிறது. பைக்காரா தாண்டி ஒரு பாட்டி சாக்கு நிறைய பாட்டிலோடு பஸ் ஏறினார். அவருக்கு அது அன்றைய கூலி.

இதெல்லாம் ஆட்சியரும் நீதிமன்றமும் மேலிருந்து செய்தவை. நல்லதுதான், குறை சொல்ல மாட்டேன். நான் தேடி வந்தது இது இல்லை. அதனால் இன்று இவ்வளவுதான். கூடலூருக்குக் கீழே மழை பிடித்துக்கொண்டது. பத்தேரியில் லாட்ஜ். சட்டை காயவில்லை.

ஐந்தாம் நாள்: மீனங்காடி

பத்தேரியிலிருந்து கல்பற்றா போகிற வழியில் மீனங்காடி. காபி, மிளகு, பாக்கு, சில்வர் ஓக். ஒரு பக்கம் மழை, ஒரு பக்கம் இளவெயில்.

2016 ஜூன் 5-இல் இந்தப் பஞ்சாயத்து ஒரு பெரிய காரியத்துக்குத் துணிந்தது. ஊர் வெளியே விடுகிற கரிமத்துக்கும் ஊரின் மரமும் மண்ணும் உள்ளே இழுப்பதற்கும் கணக்கை நேர் செய்வது. முதலில் கணக்கெடுத்தார்கள். எத்தனை வண்டி, எவ்வளவு கரண்ட், எத்தனை மாடு, வயலுக்கு எவ்வளவு உரம், குப்பை எங்கே போகிறது என்று வீடு வீடாக. தணல் என்ற அமைப்பு கூட நின்றது. மொத்தத்தையும் கழித்துப் பார்த்தால் வருடத்துக்குச் சுமார் 11,400 டன் கரியமில வாயு அதிகப்படி. ஒரு பஞ்சாயத்து தன் மூச்சுக்காற்றுக்கு வரவு செலவு எழுதியதை நான் வேறு எங்கும் கேள்விப்பட்டதில்லை.

மர வங்கி அதிலிருந்து பிறந்தது. அப்போதைய நிதியமைச்சர் தாமஸ் ஐசக் காலத்தில் கேரள அரசு கொடுத்த 10 கோடி ரூபாயைக் கூட்டுறவு வங்கியில் போட்டார்கள். விவசாயி தன் மரத்தை அடமானம் வைக்கலாம். ஒரு மரத்துக்கு வருடம் 50 ரூபாய் வீதம் பத்து வருடத்துக்கு வட்டியில்லாக் கடன். மரத்தை வெட்டாத வரை திருப்பித் தர வேண்டாம். வெட்டினால் கடன் எழுந்து நிற்கும்.

பஞ்சாயத்து அலுவலகத்துக்கு வெளியே பேசக் கிடைத்த ஒரு சேட்டன் தன் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். நாலு ஏக்கர் காபி. நடுவில் ஒரு பலா. மழையில் கறுத்த அடிமரத்தைக் கையால் துடைத்து, மரத்துக்குப் போட்டிருந்த பதிவு எண்ணைக் காட்டினார். எண்ணைச் சுற்றிப் பச்சைப் பாசி ஏறியிருந்தது. நகத்தால் சுரண்டிப் பாசியை எடுத்துவிட்டு, எண் மறையக்கூடாது என்றார். ஒவ்வொரு மரத்துக்கும் இடம் குறித்து, சுற்றளவு அளந்து, படம் எடுத்துப் பதிவு செய்திருக்கிறார்கள்.

"அம்பது ரூபாய் போதுமா சேட்டா?" என்றேன். பாதி மலையாளமும் பாதித் தமிழுமாக அவர் சொன்னதன் சுருக்கம் இதுதான்: பணம் போதாது. மிளகு விலை விழுந்த வருடம் மர வியாபாரி வந்து வாசலில் நின்றால், இந்த 50 ரூபாய்க்காக யாரும் அவனைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். மகளுக்குக் கல்யாணம் என்றால் வெட்டத்தான் வேண்டும். ஆனால் எண் போட்ட பிறகு மரத்தைப் பற்றி வீட்டில் ஒரு பேச்சு வந்திருக்கிறது. வெட்டுமுன் இரண்டு தரம் யோசிக்கிறோம். எனக்கும் இந்தத் தொகை குறைவு என்றுதான் படுகிறது. நல்ல யோசனை, கஞ்சத்தனமான கூலி.

இங்கே கிராம சபை நம்மூர் மாதிரி பஞ்சாயத்துக்கு ஒன்று இல்லை. வார்டுக்கு ஒன்று. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். நம்மூரில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு நாள். நாளின் எண்ணிக்கையில் நாம் முன்னால் இருக்கிறோம். ஆனால் மூன்று நான்கு குக்கிராமங்களுக்குச் சேர்த்து ஒரே கூட்டம் என்றால் ஓரத்துக் குடியிருப்பிலிருந்து ஒரு பாட்டி வந்து வாய் திறப்பது கடினம். வார்டு என்றால் எல்லாம் தெரிந்த முகம். 1996 ஆகஸ்டில் கேரளம் மக்கள் திட்டத்தை ஆரம்பித்து, திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தது. பேசினால் பணம் நகரும் என்று தெரிந்தால் ஆள் வருகிறார்கள்.

பேசிக்கொண்டிருக்கும்போதே பச்சைச் சட்டையில் இரண்டு பெண்கள் வந்தார்கள். ஹரித கர்ம சேனை, வீடு வீடாகக் கழிவு சேகரிக்கிற குழு. வீட்டு வாசலில் ஒட்டிய க்யூஆர் கோடை போனில் பிடித்து, கழுவிக் காயவைத்த பால் கவர்களை வாங்கி, மாசம் ஐம்பது ரூபாய்க்கு ரசீது கொடுத்தார்கள். அதில் ஒரு கவர் கழுவாமல் இருந்தது. சேட்டனின் மனைவியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவர் முணுமுணுத்துக்கொண்டே கழுவப் போனார்.

இங்கிருந்து மேப்பாடி தூரமில்லை. 2024 ஜூலை 30-இல் நிலச்சரிவில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போன பஞ்சாயத்து. சேட்டனுடைய சொந்தக்காரர் ஒருவர் அங்கே இருந்தார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 2011-இல் மாதவ் காட்கில் குழு மேற்குத் தொடர்ச்சி மலை பற்றிய அறிக்கையை அரசிடம் கொடுத்தபோது, அதை அந்தந்த மொழியில் பெயர்த்து கிராம சபைகளில் வைத்துப் பேசுங்கள், முடிவு அங்கிருந்து வரட்டும் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அது நடக்கவில்லை. அரைகுறையாகக் கேள்விப்பட்ட பயத்தில் மலை மக்களே அறிக்கைக்கு எதிராகத் தெருவில் இறங்கினார்கள். படித்துக் காட்டாமலே ஒரு தாளைப் பகையாக்கிவிட்டார்கள். இதை நினைத்தால் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

சாயந்திரம் பத்தேரி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஊருக்குப் போன் போட்டேன். ஆகஸ்ட் 15-க்கு மூன்று வாரம் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஊரின் மக்கள் தொகையைப் பொறுத்து 50 பேர் முதல் 300 பேர் வரை வந்தால்தான் கிராம சபை செல்லும்; அந்தக் குறைந்தபட்ச எண்ணிக்கைக்குத்தான் கோரம் என்று பெயர். எங்கள் ஊருக்கு 100. அம்மாவிடம் சொன்னேன், நூறு நாள் வேலைக்கு வருகிற பெண்கள் மட்டும் வந்தாலே கோரம் நிறைந்துவிடும் என்று. "கையெழுத்துப் போட்டாத்தானே அவங்களுக்கு வேண்டியது. இந்தத் தடவை நோட்டை இங்க கொண்டாராதீங்க, நாங்களே அங்க வர்றோம்னு சொல்லிடுறோம்" என்றார் அம்மா. கொஞ்ச நேரம் கழித்து அவரே மறுபடி கூப்பிட்டார். "அதுல என்னான்னு எழுதணும், வாசிச்சுக் காட்டு."

பஸ் வர இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. டீ கிளாசை ஓரமாக வைத்துவிட்டு நோட்டில் எழுதி வாசித்தேன். வரத்துக்கால்வாய் எந்த சர்வே எண்ணில் ஆரம்பித்து எங்கே கண்மாயில் சேர்கிறது, கழிவு எந்த இடத்தில் கொட்டப்படுகிறது, எத்தனை வீட்டு ஆடு மாடு அந்தத் தண்ணீரைக் குடிக்கிறது, கால்வாயைத் தூர்வாரி இரண்டு பக்கமும் வேலி போட வேண்டும், கொட்டுகிற வண்டியைப் பிடித்தால் பஞ்சாயத்து அபராதம் போட வேண்டும். அம்மா இரண்டு இடத்தில் நிறுத்தினார். ஆடு 40 இல்லை, இப்போது 60-க்கு மேல். கழிவு கொட்டுவது பாலத்துக்கு மேற்கே இல்லை, கிழக்கே, கருப்பசாமி கோயில் பக்கம். இரண்டையும் திருத்தினேன்.

கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். முதல் வரியில் அம்மா பெயர்.